நான்கில் ஒருவர்: பெலாரஸ் சொல்லும் கணக்கும் சொல்லாத கணக்கும்

பெலாரஸில் பழைய தலைமுறை ஆட்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. சம்பளம் பத்தவில்லையா, கடையில் சாமான் இல்லையா, மேலே இருப்பவர் ஆட்டம் போடுகிறாரா, எதுவாக இருந்தாலும் கடைசியில் ஒரு பெருமூச்சோடு "சண்டை மட்டும் வராம இருந்தா போதும்" என்று முடித்துவிடுவார்கள். வெளியில் இருந்து கேட்பவர்களுக்கு இது பயந்தாங்கொள்ளித்தனமாகத் தெரியும், இவர்கள் எதையும் பொறுத்துப் போகிறவர்கள் என்று கிண்டல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 1941-க்கும் 1944-க்கும் நடுவே அந்த மண்ணில் என்ன நடந்தது என்று கொஞ்சம் படித்துவிட்டால் அந்தக் கிண்டல் அவ்வளவு சுலபமாக வாயில் வராது.

அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கணக்கு 'நான்கில் ஒருவர்'. இரண்டாம் உலகப் போரில் நாட்டு மக்களில் நாலில் ஒரு பங்கு போய்விட்டது. சோவியத் காலத்தில் அதிகாரபூர்வமாகச் சொன்ன எண் 22 லட்சம். பின்னால் அதிபர் லுகஷென்கோ காலத்தில் அது 'மூன்றில் ஒருவர்' என்றுகூட ஆனது. கால் பங்கோ மூன்றில் ஒன்றோ, இந்த விகிதத்தில் ஆட்களைப் பறிகொடுத்த நாடு ஐரோப்பாவில் வேறு ஒன்றைக் காட்டுவது கஷ்டம். அந்த எண் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எண்பது வருடமாக அதை ஒரு மூட்டையாகக் கட்டி மேடையில் வைத்து மாலை போடுகிறார்களே தவிர, மூட்டையை அவிழ்த்து உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க அரசாங்கத்துக்கு ஆசை இருந்ததே இல்லை. அவிழ்த்துப் பார்ப்போம்.

முதலில், ஏன் இந்த இடம்? பெர்லினில் இருந்து மாஸ்கோவுக்கு ஒரு கோடு போட்டால் அது வார்சா, பிரெஸ்ட், மின்ஸ்க், ஸ்மோலென்ஸ்க் என்று போகும். நடுவில் பெலாரஸ் படுத்துக் கிடக்கிறது, தடுக்க மலை ஒன்றும் இல்லை, காடும் சதுப்பும்தான். 1812-ல் நெப்போலியனின் படை ஓடி வந்து செத்துக் குவிந்த பெரெசினா ஆறு இங்கேதான் இருக்கிறது. முதல் உலகப் போரில் ஜெர்மன் படையும் ரஷ்யப் படையும் 1915 இலையுதிர் காலத்தில் இருந்து 1918 தொடக்கம் வரை எதிரெதிரே பதுங்குகுழி வெட்டிக்கொண்டு நின்றதும் இதே மண்ணில். ஸ்மர்கோன் என்ற சின்ன ஊரைச் சுற்றி மட்டும் 810 நாள் போர்முனை நகரவில்லை, ஊரே தரைமட்டமானது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு ரஷ்யாவின் உள்பகுதிக்கு ஓடினார்கள். ஆனாலும் அந்தப் போரைப் பற்றி அங்கே பெரிதாகப் பேச்சில்லை. அடுத்தது வந்து அதை மறைத்துவிட்டது.

பிரெஸ்ட் கோட்டை ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்த்தால் போதும், இந்த நாட்டின் தலைவிதி முழுக்கப் புரியும். 1918 மார்ச் 3-ந் தேதி சோவியத் ரஷ்யா ஜெர்மனியோடு சமாதான ஒப்பந்தம் போட்டது அங்கேதான். 1921-ல் போலந்தும் சோவியத் தரப்பும் போட்ட ரீகா ஒப்பந்தப்படி பெலாரஸை இரண்டாக வெட்டியபோது கோட்டை போலந்து பக்கம் போனது. 1939 செப்டம்பரில் ஹிட்லரின் படை வந்து போலந்துக்காரர்களிடம் இருந்து அதைப் பிடித்தது. கிழக்கில் இருந்து ஸ்டாலினின் படை வந்தது, இருவரும் ஏற்கெனவே பேசி வைத்திருந்த பங்குப்படி ஜெர்மானியர்கள் கோட்டையை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அந்த செப்டம்பர் 22-ந் தேதி ஜெர்மன் தளபதி குடேரியனும் சோவியத் தளபதி கிரிவோஷெய்னும் ஒரே மேடையில் நின்று படை அணிவகுப்பைப் பார்த்தார்கள், புகைப்படம் எல்லாம் இருக்கிறது. இரண்டு வருடம்கூட முழுதாகப் போகவில்லை, 1941 ஜூன் 22 விடியற்காலையில் அதே ஜெர்மானியர்கள் அதே கோட்டையின் மேல் குண்டு பொழிய ஆரம்பித்தார்கள்.

உள்ளே மாட்டிக்கொண்ட வீரர்கள் தண்ணீர் இல்லாமல் அடித்தளங்களில் இருந்து போராடிய கதை சோவியத் நாடு முழுக்கப் பிரபலம். சுவரில் கீறிய எழுத்து ஒன்று கிடைத்தது: "சாகிறேன், சரணடைய மாட்டேன். போய் வருகிறேன் தாய்நாடே. 20/7/41." மேஜர் கவ்ரிலோவ் ஜூலை 23-ந் தேதி, முப்பத்திரண்டாம் நாள், குற்றுயிராகப் பிடிபட்டார். அவர் ஜெர்மன் கைதி முகாமில் இருந்து உயிரோடு திரும்பி வந்தபோது மாலை மரியாதை ஒன்றும் கிடைக்கவில்லை. எதிரியிடம் பிடிபட்டவன் என்று கட்சியை விட்டு நீக்கினார்கள். ஸ்டாலின் செத்து, ஒரு எழுத்தாளர் தேடி அலைந்து கோட்டைக் கதையை வெளியே கொண்டுவந்த பிறகுதான் 1957-ல் அவருக்கு நாட்டின் உயர்ந்த பட்டம் கொடுத்தார்கள். இந்த ஆளுக்குக் கிடைத்த தண்டனையையும் கிடைத்த பட்டத்தையும் சேர்த்துத்தான் கதையைச் சொல்ல வேண்டும், ஆனால் பெரும்பாலும் பட்டத்தைத்தான் சொல்கிறார்கள்.

சரி, தலைநகரம். மின்ஸ்க் ஒரே வாரத்தில், ஜூன் 28-ந் தேதி, விழுந்தது. ஜூலையில் நகரத்தின் ஒரு மூலையில் முள்வேலி போட்டு யூதர்களை அடைத்தார்கள். அங்கே அடைபட்டவர்கள் எண்பதாயிரத்துக்கு மேல், சோவியத் எல்லைக்குள் இருந்த மிகப் பெரிய கெட்டோக்களில், அதாவது யூதர்களை அடைத்து வைத்த பகுதிகளில், ஒன்று. ஆகஸ்ட் 15-ந் தேதி நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ்.-இன் தலைவன் ஹிம்லர் மின்ஸ்குக்கு வந்து பக்கத்தில் நின்று ஒரு துப்பாக்கிச்சூட்டைப் பார்த்தான். சுடுகிறவர்களின் மனம் பாதிக்கப்படுகிறது, 'வேறு வழி' பாருங்கள் என்ற பேச்சு அதற்குப் பிறகு சூடு பிடித்தது. அப்புறம் மின்ஸ்கிலும் மொகிலேவிலும் மனநோயாளிகளை வைத்து வெடிமருந்து, வண்டிப் புகை என்று சோதனை செய்தார்கள். பின்னால் வந்த விஷவாயு வண்டிகளுக்கு ஒத்திகை பெலாரஸில் நடந்திருக்கிறது.

மின்ஸ்க் ஓரத்தில் மாலி த்ரோஸ்தெனெட்ஸ் என்ற இடம். அங்கே வியன்னாவில் இருந்து மட்டும் பத்தாயிரம் யூதர்கள் அளவுக்கு ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து காட்டுக்குள் குழி ஓரம் நிறுத்திச் சுட்டார்கள். மொத்தம் எத்தனை பேர் என்பதில் 60,000 முதல் 2,06,500 வரை மதிப்பீடுகள் இருக்கின்றன. ஆஷ்விட்ஸ் கொலை முகாமைத் தெரியாதவர் இல்லை, இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்? பெலாரஸ் மண்ணில் கொல்லப்பட்ட யூதர்கள் 5 லட்சத்துக்கு மேல், சில கணக்கில் 8 லட்சம். போருக்கு முன்னால் பல சிற்றூர்களில் பாதிப் பேர் யூதர்கள், தையற்காரர், செருப்புத் தைப்பவர், கடைக்காரர் எல்லாம் அவர்கள்தான். அந்த யூதர்கள் பேசிய இட்டிஷ் மொழி சோவியத் பெலாரஸ் குடியரசின் நான்கு அரசு மொழிகளில் ஒன்றாக இருந்த காலமும் உண்டு. அந்த உலகம் மூன்று வருடத்தில் துடைத்து எடுக்கப்பட்டது.

மூட்டை என்று நான் சொன்னது இங்கேதான் உறுத்துகிறது. போர் முடிந்து சோவியத் அரசு வைத்த நினைவுக் கற்களில் 'யூதர்' என்ற சொல் வராது, 'அமைதியான சோவியத் குடிமக்கள்' என்றுதான் வரும். அபூர்வமாகத் தப்பிப் போன இடமும் உண்டு. மின்ஸ்கில் 'குழி' என்றே பெயர் பெற்ற பள்ளம் ஒன்று இருக்கிறது, 1942 மார்ச் 2-ந் தேதி கெட்டோவில் இருந்து கொண்டுபோன 5,000 பேரைக் கொன்ற இடம். 1947-ல் அங்கே ஒரு கறுப்புக் கல் தூண் நட்டார்கள், அதில் இட்டிஷ் எழுத்தில், செத்தவர்கள் யூதர்கள் என்று பொறித்தார்கள். வாசகம் எழுதிய கவிஞரையும் கல் செதுக்கியவரையும் கொஞ்ச காலத்தில் 'யூத தேசியவாதம்' என்று சொல்லி உழைப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். கல் மட்டும் இன்றும் நிற்கிறது.

கிராமங்களுக்கு வருவோம். பெலாரஸின் போர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது எரிந்த கிராமங்கள்தான். 9,000-க்கு மேற்பட்ட கிராமங்கள் அழிக்கப்பட்டன, அதில் 628 கிராமங்கள் ஆட்களோடு சேர்த்து எரிக்கப்பட்டன என்பது சோவியத் காலத்துக் கணக்கு. அவற்றில் 186 ஊர்கள் திரும்பக் கட்டப்படவே இல்லை, கட்டுவதற்கு ஆள் மிஞ்சவில்லை.

இதற்கெல்லாம் ஜெர்மானியர்கள் சொன்ன காரணம் பார்ட்டிசான்கள், அதாவது காட்டில் இருந்து தாக்கிய கொரில்லாப் படைகள். ஆபத்தான படைதான், ரயில் பாதைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள், பாலங்களைக் கொளுத்தினார்கள். ஆனால் 1943 மே, ஜூன் மாதங்களில் 'கொட்புஸ்' என்று பெயர் வைத்து ஜெர்மானியர்கள் நடத்திய ஒரு வேட்டையின் அறிக்கையைப் பாருங்கள். போரில் கொல்லப்பட்ட எதிரிகள் 4,500, சந்தேகத்தின் பேரில் கொல்லப்பட்டவர்கள் 5,000. கைப்பற்றிய துப்பாக்கி? 492. மின்ஸ்கில் இருந்த நாஜி நிர்வாகத் தலைவன் வில்ஹெல்ம் கூபேயே, இவ்வளவு பிணத்துக்கு இத்தனை துப்பாக்கிதான் என்றால் செத்ததில் நிறையப் பேர் சாதாரண விவசாயிகளாகத்தான் இருக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினான். அவன் ஒன்றும் நல்லவன் இல்லை, கெட்டோவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டது அவன் ஆட்சியில்தான். விவசாயி செத்தால் தானியம் யார் தருவார் என்ற கவலை அது. அதே வருடம் செப்டம்பர் 22-ந் தேதி, அவன் வீட்டில் வேலை பார்த்த யெலேனா மசானிக் என்ற பெண் மெத்தைக்கு அடியில் வைத்த குண்டு அவன் கதையை முடித்தது.

எரிந்த ஊர்களில் உலகத்துக்குத் தெரிந்த பெயர் ஹாத்தின். 26 வீடு உள்ள சின்ன ஊர். 1943 மார்ச் 22 காலையில் பக்கத்துச் சாலையில் பார்ட்டிசான்கள் ஒரு வாகன வரிசையைத் தாக்கியதில் ஹான்ஸ் வெல்கே என்ற ஜெர்மன் அதிகாரி செத்துப்போனான், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் குண்டு எறிதலில் தங்கம் வாங்கியவன். பழி வாங்க வந்த படை ஊரார் எல்லோரையும், கைக்குழந்தையோடு இருந்தவர்கள் உட்பட, தானியக் கொட்டகைக்குள் தள்ளி வைக்கோலைப் போட்டுத் தீ வைத்தது. கதவு உடைந்து வெளியே ஓடியவர்களை இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். 149 பேர், அதில் 75 பேர் பிள்ளைகள். அம்மாவின் உடலுக்கு அடியில் கிடந்த ஏழு வயதுப் பையன் ஒருவன் பிழைத்தான். ஊர்க் கொல்லர் யோசிஃப் காமின்ஸ்கி, 56 வயது, தீக்காயத்தோடு இரவில் நினைவு திரும்பி எழுந்து மகனைத் தேடிக் கண்டுபிடித்தார், பையன் அவர் கையிலேயே உயிர் விட்டான்.

இப்போது அங்கே வீடு இருந்த இடங்களில் புகைபோக்கி மாதிரி 26 கல் தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் அந்த வீட்டு ஆட்களின் பெயர், பிள்ளைகளின் வயது, உச்சியில் ஒரு மணி. முப்பது விநாடிக்கு ஒருமுறை அடிக்கும். நான்கு மூலை உள்ள ஒரு மேடையில் மூன்று மூலையில் பிர்ச் மரம், நாலாவதில் அணையாத நெருப்பு. 'நான்கில் ஒருவர்' என்பதை இதைவிடத் தெளிவாகக் கல்லில் யாரும் சொல்லிவிட முடியாது, கலையாகப் பார்த்தால் அருமையான வேலை. 1969-ல் திறந்தார்கள்.

ஆனால் எரித்தது யார்? அங்கேதான் மௌனம். வந்தது 118-ஆம் துணைக்காவல் படையும், டிர்லவாங்கர் என்பவனின் கீழ் இருந்த எஸ்.எஸ். படையும். துணைக்காவல் படையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஜெர்மானியர் இல்லை, உக்ரைன்காரர்கள், பிடிபட்டுக் கட்சி மாறிய முன்னாள் செம்படை (சோவியத் ராணுவம்) வீரர்களும் அதில் உண்டு. அந்தப் படையின் உயர் அதிகாரிகளில் ஒருவனான கிரிகோரி வஸ்யூரா போருக்குப் பிறகு உண்மையை மறைத்து கீவ் பக்கம் ஒரு அரசுப் பண்ணையில் நிர்வாகியாக, போர் வீரர் என்ற மரியாதையோடு, பல வருடம் வாழ்ந்தான். 1986-ல் மின்ஸ்கில் விசாரணை நடந்து மறு வருடம் மரண தண்டனை நிறைவேறியது, ஆனால் பத்திரிகைகளில் பெரிதாக வராமல் பார்த்துக்கொண்டார்கள். சகோதர சோவியத் இனங்கள் என்ற சித்திரத்தில் கீறல் விழுமே!

ஒன்பதாயிரம் ஊரில் ஏன் ஹாத்தினைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு பழைய சந்தேகமும் உண்டு. 1940-ல் ஆயிரக்கணக்கான போலந்து அதிகாரிகளை ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் கொன்று புதைத்த காட்டின் பெயர் காத்தின். அதை வெகுகாலம் மாஸ்கோ ஒப்புக்கொள்ளவே இல்லை. காதில் விழும்போது இரண்டு பெயரும் ஒன்றுபோலத்தான். குழப்பம் உண்டாக்கத்தான் செய்தார்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்ததோ இல்லையோ, 1974-ல் அமெரிக்க அதிபர் நிக்சனை ஹாத்தினுக்குக் கூட்டிப்போனபோது அந்தக் குழப்பம் சோவியத் அரசுக்குக் கசந்திருக்காது.

பார்ட்டிசான்களைப் பற்றியும் கொஞ்சம். அதிகாரபூர்வக் கணக்கில் 3,74,000 பேர். ரயில் பாதைகளைத் தகர்க்க 1943 ஆகஸ்டில் தொடங்கிய 'தண்டவாளப் போர்' உண்மையிலேயே ஜெர்மன் ராணுவத்தின் கழுத்தைப் பிடித்தது. ஆனால் கிராமத்தில் இருந்தவர் பாடு? பகலில் ஜெர்மானியன் வந்து மாட்டையும் தானியத்தையும் கேட்பான், பார்ட்டிசானுக்குச் சோறு போட்டாயா என்று சுடுவான். இரவில் பார்ட்டிசான் வந்து மிச்சத்தைக் கேட்பான், ஜெர்மானியனுக்கு வேலை செய்தாயா என்று சுடுவான். காவல் படையில் சேர்ந்த உள்ளூர்ப் பையன்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், ஒரே வீட்டில் அண்ணன் காட்டில், தம்பி காவல் படையில் என்ற கதைகள் நிறைய. வீரகாவியத்தில் இதற்கு இடம் கிடையாது.

அந்தக் காட்டுக்குள் வேறு மாதிரி ஒரு படையும் இருந்தது. பியெல்ஸ்கி சகோதரர்கள் நலிபோக்கி காட்டில் நடத்திய யூதக் குழு. மூத்தவர் துவியா, கிழவி ஆனாலும் குழந்தை ஆனாலும் தப்பி வந்தால் சேர்த்துக்கொள்வோம் என்பதுதான் கொள்கை. தையல், தோல் வேலை, ரொட்டி சுடும் அடுப்பு, பள்ளிக்கூடம் என்று காட்டுக்குள் ஒரு ஊரே நடத்தி 1,200 பேருக்கு மேல் உயிரோடு வெளியே கொண்டுவந்தார்கள். 1943 செப்டம்பரில் நவஹ்ருதோக் கெட்டோவில் இருந்து ஏறத்தாழ 200 மீட்டர் சுரங்கம் தோண்டி இரவோடு இரவாக வெளியேறியவர்களில் பலர் வந்து சேர்ந்ததும் இங்கேதான்.

கடைசிக் கட்டம். 1944 மார்ச்சில், பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மன் ஒன்பதாம் படை, வேலைக்கு உதவாத கிழவர்கள், நோயாளிகள், சின்னப் பிள்ளை வைத்திருந்த தாய்மார்கள் என்று சுமார் 50,000 பேரை ஓசாரிச்சி அருகே சதுப்பு நிலத்தில் வேலிக்குள் விட்டுவிட்டுப் போனது. கூரை இல்லை, கழிப்பிடம் இல்லை, கூட்டத்துக்குள் டைஃபஸ் காய்ச்சல். ஒரே வாரத்தில் 9,000 பேர் செத்தார்கள். இதைச் செய்தது எஸ்.எஸ். மட்டும் அல்ல, திட்டம் போட்டு முன்நின்று நடத்தியது வழக்கமான ராணுவம், 'நாங்கள் சண்டை மட்டும்தான் போட்டோம்' என்று பின்னால் சொன்ன அதே ராணுவம்.

ஜூன் 22, படையெடுப்பின் மூன்றாம் ஆண்டு நாளை ஒட்டி, செம்படையின் 'பக்ராத்தியோன்' தாக்குதல் தொடங்கியது. பீரங்கி வண்டி போகவே முடியாது என்று ஜெர்மானியர்கள் நம்பியிருந்த சதுப்பின் மேல் மரக்கட்டைகளை அடுக்கிப் பாதை போட்டு செம்படைத் தளபதி ரோகொசோவ்ஸ்கியின் டாங்குகள் வந்தன. இரண்டு வாரத்துக்குள், ஜூலை 3-ந் தேதி, மின்ஸ்க் மீண்டது. ஜெர்மனியின் மையப் படைத்தொகுதி கிட்டத்தட்ட இல்லாமலே போனது. மேற்கத்திய நேச நாட்டுப் படைகள் பிரான்சில் இறங்கிய நார்மண்டி தரையிறக்கத்தைப் பற்றி எடுத்த சினிமாக்களில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு இல்லை, ஹிட்லரின் ராணுவம் வாங்கிய மிகப் பெரிய ஒற்றை அடி இதுதான் என்றாலும்.

இப்போது மூட்டைக் கணக்கு. கிறிஸ்டியான் கெர்லாக் என்ற ஜெர்மன் வரலாற்றாசிரியர் பிரித்துக் கொடுத்த கணக்குப்படி, பெலாரஸ் மண்ணில் ஜெர்மானியர்கள் கொன்றவர்கள் 16 அல்லது 17 லட்சம் பேர். அதில் போர்க்கைதிகள் 7 லட்சம், யூதர்கள் 5 முதல் 5.5 லட்சம், பார்ட்டிசான் வேட்டையில் செத்தவர்கள் 3,45,000, மற்றவர்கள் சுமார் ஒரு லட்சம். போர்க்கைதிகள் சோவியத் நாடு முழுவதிலும் இருந்து வந்தவர்கள், முள்வேலிக்குள் பட்டினி போட்டே கொன்றார்கள். போர்முனையில் செத்த பெலாரஸ் வீரர்கள் இந்தக் கணக்கில் வரவில்லை, தனி. பிரித்துப் பார்த்தால் எண்ணின் கனம் குறைவதில்லை. கிராமத்து விவசாயி, நகரத்து யூதத் தையற்காரர், உஸ்பெக் நாட்டுச் சிப்பாய் என்று முகம் வருகிறது, அவ்வளவுதான்.

1945-ல் ஐக்கிய நாடுகள் சபை தொடங்கியபோது, தனி நாடே இல்லாத பெலாரஸுக்கு உக்ரைனோடு சேர்த்துத் தனி நாற்காலி கிடைத்தது. ஸ்டாலினுக்கு ஓட்டு தேவைப்பட்டது, சொன்ன நியாயம் போர் இழப்பு. இழப்பை அரசியல் காசாக மாற்றும் வழக்கம் அன்றைக்கே ஆரம்பம். 1996-ல் லுகஷென்கோ வாக்கெடுப்பு நடத்திச் சுதந்திர நாளை மாற்றினார். அதுவரை 1990-ல் இறையாண்மை அறிவித்த ஜூலை 27-தான் அந்த நாள், இப்போது மின்ஸ்க் மீண்ட ஜூலை 3. 1918-ல் சுதந்திரம் அறிவித்தவர்களின் வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கொடியை, போர்க் காலத்தில் நாஜிகளோடு ஒத்துழைத்த சிலரும் பிடித்தார்கள் என்பதால், நாஜிக் கொடி என்கிறார்கள். அதே கொடி 1991 முதல் 1995 வரை நாட்டின் அதிகாரபூர்வக் கொடியாக இருந்தது என்பது சௌகரியமாக மறந்துபோகிறது. 2020 தேர்தலுக்குப் பிறகு லுகஷென்கோவை எதிர்த்து லட்சக்கணக்கானவர்கள் அந்தக் கொடியோடு மின்ஸ்கின் போர் அருங்காட்சியகத்துக்கு முன்னால் திரண்டபோது, நினைவுச்சின்னங்களைக் காக்கிறோம் என்று ராணுவத்தை இறக்கினார்கள். 2022-ல் 'பெலாரஸ் மக்களின் இனப்படுகொலை' பற்றித் தனிச் சட்டமே வந்தது, அதை மறுத்தால் சிறை. அந்தத் தலைப்புக்குள் யூதர்கள் மறுபடியும் மூட்டையோடு மூட்டையாகப் போய்விட்டார்கள்.

அதே 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை பெலாரஸ் வழியாகத்தான் கீவ் நோக்கிப் போனது. "சண்டை மட்டும் வராம இருந்தா போதும்" என்று பெருமூச்சு விட்டவர்களின் ஊர் ரயில் நிலையங்களில் டாங்கு ஏற்றிய வண்டிகள் நின்றன. சில இடங்களில் இரவில் யாரோ போய்ப் பாதை ஓரத்து சிக்னல் பெட்டிகளை எரித்தார்கள், ரயில்கள் தாமதமாயின. பேச்சில் உடனே 'தண்டவாளப் போர்' என்ற 1943-ன் பழைய பெயர் திரும்ப வந்தது. பிடிபட்டவர்கள் மேல் பயங்கரவாத வழக்கு, சிலருக்கு 20 ஆண்டுக்கு மேல் சிறை. பழைய தண்டவாளப் போர்க்காரர்களுக்கு மின்ஸ்க் அருங்காட்சியகத்தில் இன்றும் மரியாதையான இடம் இருக்கிறது.